கிணற்றடிக்கு வந்த மின்சாரம் - கொங்கும் வங்கமும்

கல்கத்தா நகருக்கு மின்சாரம் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1899 ஏப்ரல் 17ஆம் நாள் இமாம்பாக் சந்தில் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1902இல் டிராம் வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். காளிகாட்டுக்கு மின்சார டிராமே வந்து சேர்ந்தது. இந்தியாவிலேயே முதலில் மின்விளக்கைக் கண்ட நகரங்களில் ஒன்று நாம் வாழும் இந்நகரம். அப்படியிருந்தும் 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி மேற்கு வங்கக் கிராமங்களில் நூற்றுக்கு 20 வீடுகளில்தான் மின்விளக்கு எரிந்தது. அதே கணக்கில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூற்றுக்கு 71 வீடுகள். இந்த வேறுபாடு எப்படி ஏற்பட்டது?

தமிழ்நாட்டில் மின்சாரம் கிராமத்துக்குள் நுழைந்தது வீட்டு வாசல் வழியாக அன்று, கிணற்று மேடு வழியாக. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. கோவைக்குக் கம்பி இறங்கியதும் பஞ்சாலைகள் பெருகின. அதே கம்பி தோட்டங்களுக்கும் போயிற்று. அதுவரை கொங்கு நாட்டில் இரண்டு எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டித்தான் நீர் இறைத்தார்கள். (பெயரும் பொருத்தம்தான்!) எருது பின்னுக்கும் முன்னுக்கும் நடக்க, தோல்சால் கிணற்றுக்குள் இறங்கி ஏறும். விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை உழைத்தாலும் நனைவது சிறு துண்டு நிலமே. இந்நிலையில் மோட்டார் வந்தது என்றால் உழவர் அதை எப்படி வரவேற்றிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டாரைச் செய்துகாட்டினர். பம்ப்செட் என்றால் கோவை என்று நாடெங்கும் பெயர் பெற்றதற்கு வித்து அங்கே விழுந்தது.

வங்கத்து உழவருக்கு இந்த நெருக்கடி இல்லை. வானம் பொழிந்தது, ஆறு பெருகிற்று, ஆமன் நெல் விளைந்தது. கோடையில் விளையும் போரோ நெல் பரவிய பின்னரே நிலத்தடி நீரின் தேவை பெரிதாக எழுந்தது. அப்போதும் அவர் நாடியது டீசல் எஞ்சினைத்தான். காரணத்தை அறியச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் உடன் போடலாம்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் நீர் நிற்க ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் அடங்கிய ஆற்றல், வீணாகாமல் முழுதும் பயன்பட்டால், 1,000 லிட்டர் நீரை 367 மீட்டர் உயர்த்தும். நம் பம்ப்செட்டுகளில் பாதிக்கு மேல் வீணாகிறது. பயன் நூற்றுக்கு 40 என்று கொள்வோம். அப்படியானால் 6 மீட்டர் ஆழத்தில் நீர் கிடைக்கும் நதியா மாவட்டத்து வயலில் ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்ச 4 யூனிட் போதும். கோவைப் பக்கம் கரும்பாறைக்குள் 150 மீட்டர் இறங்கிய போரிலிருந்து அதே அளவு நீர் எடுக்க 105 யூனிட் ஆகும். இருபத்தைந்து மடங்கு! வங்கத்தில் டீசலை வைத்துச் சமாளிக்கலாம். கொங்கில் கரண்ட் இல்லையேல் வெள்ளாமை இல்லை.

இன்னொன்றும் உண்டு. தரைமேல் நிற்கும் பம்ப் நீரை உறிஞ்சித்தான் எடுக்கிறது. காற்றின் அழுத்தம் தாங்குவது 10 மீட்டர் நீர் மட்டுமே. நடைமுறையில் 7 மீட்டருக்குமேல் அது இழுக்காது. கோடையில் நீர் கீழே போகும்போது வங்க உழவர்கள் குழி தோண்டி எஞ்சினையே கீழே இறக்குவார்கள். அதற்கும் கீழே போனால் நீர்மூழ்கி மோட்டார்தான் வழி. டீசல் எஞ்சினை ஆழ்துளைக்குள் இறக்க முடியாது. ஆகவே அங்கே மின்சாரம் கட்டாயமாகிறது.

இனிக் கட்டணம். 1970இல் தமிழ்நாட்டு அரசு யூனிட்டுக்குச் சில காசு உயர்த்தியபோது கோவை மாவட்ட உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரத் தெருக்களை அடைத்தன. பின்னர் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. 2003இல் இடையில் நிறுத்தப்பட்டு மறு ஆண்டே திரும்பியது. உயிர்கொடுத்துப் பெற்ற உரிமையை யாரும் எளிதில் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்ற நிலையில் நீர்மட்டம் கீழே சென்றது. ஆழம் கூடக்கூட மோட்டாரின் குதிரைத்திறனும் கூடிற்று. ஆழமாகப் போர் போடப் பணமில்லாதவரின் கிணறுதான் முதலில் வற்றியது. இலவசத்தால் பெரிதும் பயனடைந்தவர் ஏழை உழவர் என்று நான் நம்பவில்லை.

மேற்கு வங்கம் வேறு வழியில் சென்றது. இங்கும் முன்பு குதிரைத்திறனுக்கேற்ப ஆண்டுக்கு ஒரே தொகை என்றுதான் இருந்தது. 2007 முதல் மீட்டர் பொருத்தினார்கள். மாலை 5 முதல் இரவு 11 வரை கட்டணம் அதிகம், இரவு 11 முதல் காலை 6 வரை மிகக் குறைவு. தொலைவிலிருந்தே படிக்கத்தக்க மீட்டர். கணக்கெடுப்பவரைச் 'சரிக்கட்ட' வழியில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமே. எனினும் உள்ளே ஒரு சிக்கல் இருந்தது. வங்கத்தில் மோட்டார் உள்ளவர் அக்கம்பக்கத்துச் சிறு நிலக்காரர்களுக்கு நீரை விற்பது வழக்கம். ஒரே தொகை கட்டியவர் அதை ஈடுகட்ட முடிந்தவரை பலருக்கு விற்றார். விலையும் பேரத்துக்கு இடம் தந்தது. மீட்டர் வந்ததும் அந்த அவசரம் போயிற்று. மோட்டார்காரருக்குச் செலவு குறைந்தது, நீர் வாங்குபவருக்கு விலை ஏறியது. இதைக் களத்தில் ஆராய்ந்து எழுதியவர்களுள் அதிதி முகர்ஜி முக்கியமானவர். கிணறு வைக்க அனுமதி, கம்பம், டிரான்ஸ்பார்மர் செலவு என்று ஏழைக்கு இருந்த தடைகளையும் அவர் ஆய்வுகள் சுட்டின. 2011இல் அரசு விதியைத் தளர்த்தியது. நீர்வளம் பாதுகாப்பாக உள்ள வட்டாரங்களில் 5 குதிரைத்திறனுக்கு உட்பட்ட மோட்டாருக்கு அனுமதி வேண்டாம் என்றாயிற்று. இணைப்புக்கும் நிலையான கட்டணம் வந்தது. நீர் வாங்கியவரே இணைப்புப் பெற வழி பிறந்தது. ஆயினும் நதியா, முர்ஷிதாபாத், மால்டா, 24 பர்கானாக்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பதை மறந்துவிடக் கூடாது. நீர் மேலே கிடைப்பதனால் மட்டும் அதைக் குடித்துவிட முடியாது.

'மின்மயமான கிராமம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 வரை ஊர் எல்லைக்குள் எந்தப் பயனுக்காவது மின்சாரம் இருந்தால் அக்கிராமம் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு மோட்டார் ஓடினால் போதும்! 2004இல்தான் பொது இடங்களோடு பத்தில் ஒரு வீட்டிலாவது இணைப்பு வேண்டும் என விதித்தார்கள். 2018 ஏப்ரல் 28இல் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு நாட்டுக் கிராமங்கள் எல்லாம் மின்மயமாயின என்று அறிவித்தது இந்த அளவுகோலின்படிதான்.

இப்போது 2019இல் தொடங்கிய குசும் திட்டத்தின்கீழ் சூரிய சக்தி பம்ப்செட்டுகள் மானியத்தில் வருகின்றன. சூரியனுக்கு மீட்டர் கிடையாது. கட்டுப்பாடின்றி இறைத்தால் கோவையின் பழைய கதைதான். அதற்காகவே அத்திட்டத்தின் ஒரு பகுதி, ஏற்கெனவே மின்கம்பியில் இணைந்த பம்புகளுக்குச் சூரியத் தகடு பொருத்தி, மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்துக்கே விற்க இடமளிக்கிறது. மோட்டாரை நிறுத்தி வைத்தால் உழவருக்கு வருமானம்.