தோள் அறுவை சிகிச்சையும் வலி தணிப்பும்

இருக்கன்குடி வட்டாரத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களுக்குத் தோள் அறுவைக்குச் செல்வோர், முழு மயக்கத்தோடு சேர்த்தோ தனித்தோ, கழுத்தின் பக்கவாட்டில் ஊசியிட்டுத் தோள் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ‘நரம்புத் தடுப்பு’ முறை குறித்து மயக்கவியல் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டறிவது நல்லது. இம்முறை, மூச்சை இயக்கும் தசையாகிய உதரவிதானத்தை ஊசியிட்ட பக்கத்தில் பல மணி நேரம் தளர்த்திவிடக்கூடும் என்பதால், பட்டாசு ஆலையின் மருந்துத் தூசியில் உழைத்து நாட்பட்ட இருமலோ மூச்சிரைப்போ கொண்டவர்கள் அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது இப்படிச் சொல்வதே. இந்த ஊசிக்குப் பின் சிலருக்குக் கண்ணிமை தாழ்வதும் குரல் கம்முவதும் உண்டு; அவை பெரும்பாலும் தாமாகவே மறையும். ஒருமுறை இட்ட ஊசியின் மரப்பு ஏறத்தாழ 8 முதல் 24 மணி நேரத்தில் நீங்கும்போது, சிலருக்கு நள்ளிரவிலேயே, வலி திடீரெனக் கடுமையாகும். ஆகவே மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையை உணர்வு திரும்புமுன்பே உட்கொண்டு, மரத்த கையை அடுப்புச் சூட்டிலிருந்து விலக்கிவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்தவாறு உறங்க வேண்டும்.