பத்து மணிப் பசி

இந்தப் பாடத்தை ஐந்தாறு குடும்பங்கள் ஓரிடத்தில் கூடியிருந்து படிப்பது நல்லது. ஒருவர் உரத்து வாசிக்கட்டும். மற்றவர்கள் வேண்டிய இடத்தில் நிறுத்திப் பேசிக்கொள்ளலாம். ஒரு நீளக் கயிறும் ஒரு பழைய கொப்பியும் தேவைப்படும்.

முதலில் கயிற்றை எடுங்கள். உச்சந்தலையிலிருந்து குதிக்கால்வரை உங்கள் உயரத்துக்கு அளந்து வெட்டி, அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிற்றைத் தொப்புளுக்குச் சற்று மேலாக இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். வயிற்றை எக்க வேண்டாம், மூச்சை இயல்பாக விடுங்கள். இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் நல்லது. தொடாவிட்டால், வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்துவிட்டது என்று பொருள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகிய மூன்றும் இந்த வயிற்றுக் கொழுப்போடு தொடர்புடையவை. கர்ப்பிணித் தாய்மாருக்கு இந்த அளவு பொருந்தாது. இதை எழுதுமுன் நாமும் அளந்து பார்த்தோம். எம் நால்வரில் மூவருக்குக் கயிறு எட்டவில்லை. ஆகையால் இது பிறருக்குச் சொல்லும் பாடம் மட்டுமல்ல.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்த ஒரு பெரியவரிடம் இதே கயிற்றை நீட்டினோம். வெங்காயமும் புகையிலையும் செய்த கை அவருடையது. இடம்பெயர்ந்த பின் கூலி வேலை செய்தார், பிறகு காவலாளியாக இருந்தார். இப்போது வாசலில் கதிரை போட்டு இருக்கிறார்.

"தம்பி, நான் ஊரிலை சாப்பிட்டதிலை பாதிகூட இப்ப சாப்பிடுறேல்லை. பிறகெப்பிடி உடம்பு வைக்கும்?" என்று கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஊரில் விடியப்புறம் இறைப்புக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வரம்பில் குந்தியிருந்து பழஞ்சோறோ பிட்டோ சாப்பிடுவார். அதன்பின் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி. பிறகு மறுபடியும் மண்வெட்டி. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் மண் கொத்தினால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். அதே ஒரு மணித்தியாலத்தைக் கதிரையில் கழித்தால் 70, 80 கலோரிக்கு மேல் செலவாகாது. தோட்டம் போய்விட்டது. ஆனால் பத்து மணிப் பசி போகவில்லை. அந்த நேரம் வந்ததும் வயிறு பழைய கணக்கைக் கேட்கிறது. வரம்புக்குச் சாப்பாடு கொண்டுவர ஆளில்லை, வரம்பும் இல்லை. சந்தியில் தேநீர்க்கடை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை. கடைக்குப் போக மனமில்லாவிட்டாலும் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் வண்டி படலைக்கே வந்துவிடுகிறது.

இதைப் பேராசை என்று சொல்வோரோடு நாம் உடன்படவில்லை. உழைப்புக்காக ஏற்பட்ட ஒரு பழக்கம், உழைப்பு பறிபோன பின்னும் தங்கிவிட்டது. அவ்வளவுதான். இப்படிப் பார்த்தால்தான் அதை மாற்றும் வழியும் தெரியும்.

ஒரு றோலுக்கு என்ன கணக்கு?

மா, எண்ணெய், சீனி என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும். 30 கிராம் கோதுமை மாவில் 100 கலோரிக்குச் சற்று மேல் உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120. ஒரு றோல் தூளில் புரண்டு, கொதி எண்ணெயில் பொரிந்து வரும்போது இரண்டையும் சேர்த்து 200 கலோரியைத் தாண்டிவிடும். உள்ளே இருக்கும் கிழங்கையும் இறைச்சியையும் நாம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று தேக்கரண்டி சீனி போட்ட தேநீர் இன்னொரு 60. ஆகவே இரண்டு றோலும் ஒரு தேநீரும் 460 கலோரிக்குக் குறையாது. அதைச் செலவழிக்க ஏழெட்டுக் கிலோமீற்றர் நடக்கவேண்டும். இத்தனைக்கும் அதை நாம் சாப்பாடு என்றே எண்ணுவதில்லை. மத்தியானச் சோறு வழமைபோல் இறங்கும். பெரியவர் பாதிதான் சாப்பிடுகிறேன் என்றது சோற்றை மட்டும் எண்ணித்தான்.

யாழ்ப்பாணத்தில் முட்டையும் இறைச்சியும் அடைத்த பெரிய றோல் ஒன்றுக்கு மிதிவெடி என்று பெயர். மிதிவெடிக்குப் பயந்து காணிக்குப் போகாமல் இருந்த நாமே கடையில் அதைக் கேட்டு வாங்கித் தின்கிறோம். பெயர் வைத்தவர் பகிடிக்கு வைத்திருக்கலாம். நீரிழிவால் கால் விரல் எடுக்கப்பட்டவர்களை வைத்தியசாலை வாட்டில் பார்த்த பிறகு எமக்கு அந்தப் பகிடி அவ்வளவாகச் சிரிப்பைத் தரவில்லை.

ஏன் ஒன்றோடு நிறுத்த முடிவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 2019 இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் 20 பேரை நாலு வாரம் தங்கவைத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் இயற்கையான பொருட்களில் சமைத்த உணவு. இரண்டிலும் சீனி, உப்பு, கொழுப்பு ஒரே அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, விரும்பிய மட்டும் உண்ண விட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கிலோவை அண்டி நிறை கூடியது. அந்த உணவை அவர்கள் வேகமாகவும் உண்டார்கள். எம் கடைப் பலகாரம் முழுக்க ஆலை உணவு அல்லத்தான். ஆனால் தீட்டிய மாவிலான மெத்தென்ற பண்டம் மெல்லு முன்னே இறங்கிவிடும் என்பது எமக்கும் தெரிந்ததே. குரக்கன் ரொட்டியை அப்படி விழுங்க முடியாது.

சோடாப் போத்தலைப் பற்றி ஒரு சொல். 2016 இல் எமது நாட்டில் மென்பானங்களுக்கு நிற அடையாளம் கொண்டுவரப்பட்டது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. மஞ்சள்தானே என்று ஏமாற வேண்டாம். 10 கிராம் உள்ள பானத்துக்கும் மஞ்சள்தான். அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம் சீனி, அதாவது எட்டுத் தேக்கரண்டி. சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்திருப்பது மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. ஒரே போத்தலில் அதைத் தாண்டிவிடுகிறோம்.

கொப்பியில் ஒரு வாரம்

இனிக் கொப்பியை எடுப்போம். முதல் வாரம் எதையும் நிறுத்த வேண்டாம். கடைத்தீன் வாங்கும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், கூட இருந்தவர், அப்போது உண்மையில் பசித்ததா என்ற நாலையும் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். எம் குழுவில் இப்படிச் செய்தபோது ஒரு தாய்க்கு வியப்பாக இருந்தது. தனக்கு நாள் முழுக்கத் தீன் ஆசை என்று எண்ணியிருந்தார். கொப்பியில் பார்த்தால் இரண்டே நேரம்: காலை பத்து மணி, மற்றது வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பின்னேரம். இன்னொருவருக்குச் சம்பள நாளில் மாத்திரம் கொத்து ரொட்டிப் பார்சல். மற்றொருவர் தனியே இருக்கும்போதுதான் வாங்குகிறார். அவருடைய துணைவர் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருக்குக் கடைத்தீனைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரங்களில் போயிருந்து பேசத் தொடங்கினோம்.

இரண்டாம் வாரம், கொப்பி காட்டும் நேரங்களில் ஒன்றை மட்டும் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டவர்களில் பலர் பத்தாம் நாள் இரட்டிப்பாக வாங்கியதை நாம் கண்டிருக்கிறோம். அந்த நேரத்தை வெறுமையாகவும் விடக்கூடாது. வெறும் பாத்தியில் கோரைதான் முளைக்கும். பத்து மணி என்றால் பத்து மணிக்கே கையில் ஏதாவது இருக்கவேண்டும். முதல்நாள் இரவே ஊறவைத்த கடலையையோ பயறையோ காலையில் அவித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுச் சிறிதளவு எண்ணெயில் தாளித்து, ஒரு போத்தலில் அடைத்துக்கொள்ளலாம். ஒரு சிறங்கை போதும், பசி மத்தியானம்வரை தாங்கும். கொய்யாப்பழம், பப்பாசித் துண்டு, உப்புக் குறைத்த மோர் இவையும் நல்லன. வீட்டில் இருப்பவர்களுக்கு இலைக்கஞ்சிக்கு நிகர் வேறில்லை. வல்லாரை, முருங்கையிலை, முடக்கொத்தான் எது கிடைத்தாலும் சிவப்பரிசியோடு சேர்த்துக் காய்ச்சலாம். தேங்காய்ப்பாலை மட்டும் கையை அடக்கி விடுங்கள். வாடகைக் காணியிலும் பழைய உரப்பையில் மண் போட்டு வல்லாரையும் பொன்னாங்காணியும் வைக்கலாம். கமக்காரனுக்கு இதை நாம் சொல்லித்தரத் தேவையில்லை.

தேநீரில் சீனியை வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறையுங்கள். மூன்றில் தொடங்கினாலும் ஒன்றரை மாதத்தில் நாக்கு பழகிவிடும். சீனிக்குப் பதில் பனங்கட்டியை இரண்டு மடங்கு கடித்தால் பயன் இல்லை, அதுவும் இனிப்புத்தான்.

எத்தனை நாளில் பழக்கம் மாறும் என்று பலர் கேட்கிறார்கள். 2010 இல் வெளியான இலண்டன் ஆய்வு ஒன்றில், ஒரு புதிய பழக்கம் தன்பாட்டில் நடக்கும் நிலைக்கு வரச் சராசரி 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு அரை வருடத்துக்கும் மேல். அறுபத்தாறு நாள் என்பது ஏறக்குறைய ஒரு சின்ன வெங்காயப் பயிரின் காலம். இடையில் ஒருநாள் தவறியது முடிவைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் அந்த ஆய்வு கண்டது. ஒரு முறை தண்ணி பிந்தினால் வெங்காயத்தை உழுது புரட்டுவோமா? அடுத்த முறைக்குத் தண்ணி கட்டுவோம். திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ ஒரு பற்றிஸ் தின்றுவிட்டால் மறுநாள் பத்து மணிக்குக் கடலையோடு தொடருங்கள்.

நிறையைப் பற்றியும் அவசரம் வேண்டாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். 2002 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், நீரிழிவு வரும் தறுவாயில் இருந்தோருக்கு நிறையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. 80 கிலோ உள்ள ஒருவருக்கு 7 பங்கு என்பது ஐந்தரைக் கிலோதான்.

எம்மைப் பற்றியும் சொல்லவேண்டும். நீரிழிவு பற்றி நாம் நடத்திய ஒரு வகுப்பின் இடைவேளையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி கொடுத்தோம். உள்ளே ஒரு றோல், ஒரு கேக் துண்டு, கூடவே ஒரு சோடா. ஓர் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்ப படிச்சதை நாங்கள் மறக்கவேணுமோ பிள்ளையள்?" என்றார். அதற்குப் பின் எமது கூட்டங்களில் அவித்த கடலையும் வாழைப்பழமும் பிளேன்ரீயும்தான். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். விருந்தாளிக்குச் சோடா உடைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எம்மிடம் ஆழமாக இருக்கிறது. இடம்பெயர்ந்து எல்லாம் இழந்து நின்றபோதும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று வாழ்ந்தவர்கள் நாம். தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்தாலும் அந்த மரியாதை குறையாது.

விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இவை எளிதல்ல என்பதை அறிவோம். ஒற்றை அறை, ஒரே அடுப்பு, பிள்ளையின் கையில் காசைக் கொடுத்துப் பணிஸ் வாங்கித் தின் என்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. மூன்று நாலு வீடுகள் சேர்ந்து, முறை வைத்து ஒருவர் எல்லோருக்கும் கடலை அவிப்பதைச் சில இடங்களில் தொடங்கியிருக்கிறார்கள். விறகும் மிச்சம். உங்கள் இடத்தில் இது நடக்குமா என்பதை இப்போதே பேசிப் பாருங்கள்.

சில எச்சரிக்கைகள். வளரும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைக் குறைக்கக்கூடாது. பக்கற் தீனையும் சோடாவையும் குறைத்தால் போதும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நிறை குறைக்கும் முயற்சியைத் தாமாகத் தொடங்க வேண்டாம். நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள், இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம். குளிசையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். முயற்சி ஒன்றும் செய்யாமலே ஒருவர் மெலிந்து, தாகமும் சிறுநீரும் கூடினால் அது மகிழ வேண்டிய மெலிவல்ல, உடனே வைத்தியரிடம் போகவேண்டும். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தச் சீனியையும் அழுத்தத்தையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெரியவருக்கு இப்போது காணியில் ஒரு துண்டு திரும்பக் கிடைத்திருக்கிறது. கிணறு தூர்ந்துபோய்க் கிடக்கிறது. காலையில் போய்ப் பற்றை வெட்டுகிறார், பத்து மணிக்கு மரநிழலில் இருந்து கடலை சாப்பிடுகிறார். கயிறு இன்னும் நாலு விரல் எட்டவில்லை என்று சொல்லி அனுப்பினார். காணி கிடைக்காதவர்களே எம்மில் பலர், அவர்களுக்குப் பற்றை வெட்டும் வேலையும் இல்லை. அவர்கள் பின்னேரத்தில் இருவர் மூவராகச் சேர்ந்து அரை மணித்தியாலம் விரைந்து நடக்கலாம், சந்திக் கடைப் பக்கமாக அல்லாமல் மற்றப் பக்கமாக.

கயிற்றை எறிந்துவிடாதீர்கள். இன்று எட்டாத இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கூடும்போது இரண்டையும் கொண்டு வாருங்கள்.