சோர்வும் பெலனும் (வேதபாடம்)

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 18:41 முதல் 19:21 வரை



ஒத்தக்கடையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு சந்திக்கப் போகும்போது நான் அதிகமாய்க் கேட்கிற ஜெப விண்ணப்பம் ஒன்று உண்டு. "பாஸ்டர், என்னன்னே தெரியல, எந்நேரமும் அசதியா இருக்கு. தூங்கி எந்திரிச்சாலும் ஒடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஜெபிச்சுக்கங்க." கட்டாயம் ஜெபிக்கிறோம். ஆனால் ஜெபித்துவிட்டு வெளியே வருகிறவர்களில் சிலர், "அந்த அக்காவுக்கு விசுவாசம் பத்தல", "சோர்வின் ஆவி பிடிச்சிருக்கு" என்று பேசுவதையும் கேட்டிருக்கிறேன். இது சரியா? வேதம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

1. எலியாவுக்குக் கர்த்தர் செய்தது என்ன?

கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அதே நாளில் எலியா மழைக்காக ஜெபித்தார். ஆகாபின் இரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடினார். பின்பு யேசபேலின் மிரட்டல் வந்தது. பெயெர்செபாவுக்குத் தப்பிப் போய், வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் தூரம் தனியாய் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'சாவு வந்தால் போதும்' என்று ஜெபிக்கிறார். அக்கினியை இறக்கின தீர்க்கதரிசி இவர்! விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட முடியுமா?

கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்க விட்டார். பிறகு தூதன் தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம். மறுபடியும் சாப்பாடு. போகவேண்டிய தூரம் அவருடைய பெலனுக்கு மிஞ்சினது என்பதே தூதன் சொன்ன காரணம். அந்த ஆகாரத்தின் பெலத்தினால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப் போய்ச் சேர்ந்தார்.

அமர்ந்த மெல்லிய சத்தம் அங்கேதான் வந்தது. கூட ஊழியம் செய்ய எலிசாவும் அதற்குப் பின்புதான் கிடைத்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள்: தூக்கம், ஆகாரம், தண்ணீர், பிறகு தேவ வார்த்தை, பிறகு ஒரு துணை.

2. ஆவி, ஆத்துமா, சரீரம்

1 தெசலோனிக்கேயர் 5:23-ல் பவுல் மனுஷனை ஆவி, ஆத்துமா, சரீரம் என்று மூன்றாகச் சொல்லி, மூன்றும் காக்கப்படும்படி ஜெபிக்கிறார். ஆகவே அசதியும் இந்த மூன்றில் எங்கிருந்தும் வரலாம். ஜெபக் குறைவினால் ஆவியில் சோர்வு வரும். கவலையினால் ஆத்துமாவில் சோர்வு வரும். ஆனால் சரீரத்தில் குறை இருக்கும்போது அதை ஆவியின் குறை என்று தீர்ப்புச் சொன்னால், பாடுபடுகிற பிள்ளைக்கு இன்னொரு பாரத்தையும் ஏற்றி வைக்கிறோம். நம் ஆண்டவரே பிரயாணத்தினால் இளைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்தார் (யோவான் 4:6). படகில் தலையணை வைத்துத் தூங்கினார் (மாற்கு 4:38). களைப்பு பாவமல்ல.

3. இரத்தம் குறைந்தால்

நம் சபைக் குடும்பங்களில் ஒரு சகோதரி. விடியுமுன்னே எழுந்து மாட்டுத்தாவணி போய்ப் பூ வாங்கி வந்து, கட்டி விற்கிறவர். ஆராதனையில் பிரசங்க நேரத்தில் தூங்கிவிடுவார். 'வசனத்துல வாஞ்சை இல்ல' என்ற பேச்சு அவர் காதுக்கே போய், இரண்டு வாரம் சபைக்கே வரவில்லை. என் மனைவி அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹீமோகுளோபின் 7.2! கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-ஆவது இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13. மாதவிலக்கில் அளவுக்கு மிஞ்சி இரத்தம் போவதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அதற்கும் வைத்தியம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்காய்ச் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்துச் சாட்சி சொன்னார்: "இப்ப மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கல. வசனமும் காதுல ஏறுது." சபையே ஸ்தோத்திரம் சொன்னது.

நாம் சுவாசிக்கிற பிராணவாயுவை நுரையீரலிலிருந்து உடம்பெங்கும் சுமந்து போவது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது உண்டாக இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் இருதயம் வேகமாய் அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அசதி, தலைசுற்றல், படபடப்பு, மூச்சு வாங்குதல் எல்லாம் அதனால் வருகிறவை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். நம் ஆராதனையில் பாயில் உட்கார்ந்திருக்கிற சகோதரிகளை எண்ணிப் பாருங்கள், எத்தனை பேருக்கு இருக்கலாம்!

1928-ல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கொடிய இரத்த சோகையை ஆராய்ந்தார்; நம் குன்னூரிலும் ஆராய்ச்சி செய்தார். ஆகாரக் குறைவே காரணம் என்று கண்டு, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்துக் குணமாக்கினார். அதற்குள் இருந்த சத்துதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாய்க் கொடுக்கிற மாத்திரையில் இரும்புச்சத்தோடு இருப்பது அதுவே. வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மலம் கறுப்பாய்ப் போகும். அது மாத்திரையினால்தான், பயப்பட வேண்டாம். இரத்தம் ஏறினவுடன் நிறுத்திவிடாமல் டாக்டர் சொல்லுகிற வரை சாப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவர்கள் எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

4. வேறு காரணங்களும் உண்டு

அ) சர்க்கரை வியாதி: 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி இருந்தால் சோதியுங்கள்.

ஆ) தைராய்டு குறைவு: அசதியோடு உடல் பருத்தல், முடி கொட்டுதல், குளிர் தாங்காமை. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இ) பி12 வைட்டமின் குறைவு: கறி, மீன், முட்டை, பால் சேர்க்காதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம்.

ஈ) காசநோய்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைத்தல். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

உ) கொக்கிப்புழு: செருப்பில்லாமல் வயலில் நடக்கும்போது பாதத்தின் வழியாய் உள்ளே போய்க் குடலில் இரத்தம் உறிஞ்சும். செருப்பும் கழிப்பறையும் அவசியம்.

நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், மாத்திரை சாப்பிடாமலே மலம் தாரைப் போலக் கறுத்துப் போவது இருந்தால் அடுத்த ஞாயிறு வரை ஜெபத்துக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியில் ஜெபிக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசமல்ல. லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14). வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்த ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஜெபிக்கிறவராகவும் இருந்தார், வைத்தியராகவும் இருந்தார்.

5. உபவாசமும் முழு இரவு ஜெபமும்

உபவாசம் நமக்கு ஆசீர்வாதம். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், இரத்தம் குறைந்தவர்கள் டாக்டரைக் கேளாமல் உபவாசம் இருக்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்து. அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து ஜெபிக்கட்டும். 'எல்லாரும் இருக்கும்போது நீங்க மட்டும் ஏன்?' என்று யாரும் கேட்கக் கூடாது. முழு இரவு ஜெபத்துக்கு மறுநாள் வண்டி ஓட்டுகிற சகோதரர்கள் தூங்கி எழுந்த பிறகே மேலூர் ரோட்டில் வண்டியை எடுங்கள்.

6. அன்றாடப் பெலனுக்கு

* தினமும் ஏழு மணி நேரமாவது தூக்கம். படுக்கையில் செல்போன் வேண்டாம்.

* காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். வெறும் டீயும் வர்க்கியும் சாப்பாடு ஆகாது. கம்மங்கூழ், கேப்பைக் களி, அவித்த பயறு, முட்டை எதுவானாலும் சரி.

* சாப்பாட்டோடு டீ, காப்பி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

* முருங்கைக்கீரை, எள்ளு, கொண்டைக்கடலை சேருங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் சத்து நன்றாய்ச் சேரும். கறி எடுக்கிறவர்கள் எப்போதாவது ஆட்டுச் சுவரொட்டியும் எடுக்கலாம்; அதில் இரும்புச்சத்து அதிகம்.

* வெயிலில் வேலை செய்கிறவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

* உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் தினமும் அரைமணி நேரம் நடங்கள். யானைமலை அடிவாரத்தில் காலையில் நடந்துகொண்டே ஜெபிக்கலாமே!

7. பாரத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

காலை முதல் சாயங்காலம் வரை தனியாய் நியாயம் விசாரித்த மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனை, பாரத்தைப் பிறரோடு பங்கிட வேண்டும் என்பது (யாத்திராகமம் 18). சகோதரர்களே, நம் வீடுகளில் முதலில் எழும்பி, எல்லாருக்கும் பரிமாறி, மிச்சமிருப்பதைச் சாப்பிட்டு, கடைசியில் படுப்பது யார்? அந்தம்மாவின் அசதிக்கு மாத்திரை மட்டும் போதாது. தண்ணீர் எடுத்து வையுங்கள், பாத்திரம் விளக்குங்கள். இரவில் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். குழம்பில் கிடக்கிற முட்டை அவர்கள் தட்டுக்கும் வரட்டும்.

எலியாவைப் போல 'செத்தால் போதும்' என்று ஒருவர் சொன்னால் அதை லேசாய் விடாதீர்கள். இரண்டு வாரமாய் எதிலும் மனம் செல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அதுவும் வைத்தியம் பார்க்கவேண்டிய நோய்தான். அரசின் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் இலவசமாய்ப் பேசலாம். அவர்களைத் தனியே விடாதீர்கள், கூட இருங்கள்.

பிரியமானவர்களே, எலியாவிடம் போன தூதன் கையில் அடையோடும் தண்ணீரோடும் போனான். இந்த வாரம் சோர்ந்திருக்கிற ஒரு வீட்டுக்கு நீங்களும் ஒரு தூக்குச்சட்டியோடு போங்கள். பிறகு ஜெபியுங்கள். கர்த்தர் தாமே உங்கள் ஆவி, ஆத்துமா, சரீரம் முழுவதையும் பெலப்படுத்துவாராக. ஆமென்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேச:

1. எலியாவுக்குத் தூதன் இரண்டு தரம் ஆகாரம் கொடுத்தது ஏன்?
2. நம் வீட்டில் கடைசியாய் இரத்தப் பரிசோதனை செய்தது யார், எப்போது?
3. நம் குழுவில் சோர்ந்திருக்கிறவர் யார்? அவருக்கு இந்த வாரம் என்ன செய்யப் போகிறோம்?