முதல் டயாலிசிஸும் நமது வணக்கங்களும்

நம் உடல் நமக்குச் சொந்தமானதன்று. அல்லாஹ் சில காலத்திற்கு நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம் அது. அமானிதத்தைப் பாழாக விடுவதற்கு நமக்கு உரிமையில்லை. இந்த ஒரு செய்தியை உள்ளத்தில் இருத்திக்கொண்டால், சிறுநீரகம் செயலிழந்த நோயாளிக்கு “டயாலிசிஸ் தொடங்க வேண்டும்” என்று மருத்துவர் சொல்லும் நாளில் குடும்பத்தார் செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகிவிடும்.

ஆனால் நடப்பது வேறாக இருக்கிறது. கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் கரும்புக்கடையிலும், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், திருப்பூர், ஈரோடு ஊர்களிலும் நம் வீடுகளில் கேட்கும் பேச்சு இதுதான்: “ஒரு தடவை மிஷின்ல ஏறிட்டா அப்புறம் இறங்கவே முடியாதாம். அத்தாவைக் கொஞ்ச நாள் பச்சிலை மருந்துல பார்ப்போம்.” இப்படியே மாதங்கள் ஓடிவிடும். பின்னர் ஒரு நள்ளிரவில், நுரையீரலில் நீர் தேங்கி, மூச்சு விட முடியாத நிலையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நிதானமாகத் தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சை அவசரத்தில் தொடங்குகிறது.

மிஷின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா?

இல்லை. சிறுநீரகம் கெட்ட பிறகுதான் மிஷின் வருகிறது. பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கு போன்றவற்றால் சிறுநீரகம் திடீரென நின்றுபோனவர்களில் பலருக்குச் சில தடவை டயாலிசிஸ் செய்தபின் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது, மிஷினும் விடைபெறுகிறது. சர்க்கரை நோயாலும் இரத்தக் கொதிப்பாலும் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக அழிந்த சிறுநீரகம் மீள்வதில்லை; ஆகவே அத்தகையோருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் வரை, அல்லது ஆயுள் வரை, சிகிச்சை தொடர்கிறது. தொடர்வதற்குக் காரணம் நோயே அன்றி மிஷின் அன்று.

இந்தக் கருவியின் வரலாறும் அறியத் தக்கது. 1943ஆம் ஆண்டு, ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்து நாட்டில், கம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனையில், வில்லம் கோல்ஃப் என்ற மருத்துவர் மரச் சட்டங்களாலான உருளையின் மீது செலோஃபேன் குழாயைச் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். தொடக்கத்தில் அவரிடம் வந்த நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோயினர். அவர் நம்பிக்கை இழக்கவில்லை. 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் நினைவிழந்த நிலையிலிருந்து மீண்டு எழுந்தார். 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்க்ரிப்னர் என்பவர், மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். 1966இல், கையின் தமனியையும் சிரையையும் இணைக்கும் ‘ஃபிஸ்டுலா’ அறுவை முறை வெளிவந்தது. இன்று நம் ஊர் நோயாளியின் கையில் செய்யப்படுவது இதுவே.

வைத்தியம் செய்வது தவக்குலுக்கு முரணா?

முரணன்று. நாட்டுப்புற அரபிகள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது, செய்துகொள்ளுமாறே அவர்கள் பணித்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.

அதே நூலில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு நிகழ்ச்சி நம்மை உலுக்க வேண்டும். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம்பட்டது. அவருக்குக் குளிப்பும் கடமையாயிற்று. சலுகை உண்டா என்று அவர் கேட்க, கூட இருந்தவர்கள் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்து, அவரது சாவுக்கு அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களே பொறுப்பு என்று கண்டித்தார்கள். அறியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வதே மருந்து என்பது அந்தக் கண்டனத்தின் பாடம். “டயாலிசிஸ் வேண்டாம்” என்று நோயாளியின் படுக்கையருகே நின்று எளிதாகச் சொல்லிவிடும் உறவினர்கள் இதைச் சிந்திக்கக் கடவர்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

ஃபிஸ்டுலா அறுவை செய்தபின் இரத்தக் குழாய் தடித்து ஊசி ஏற்கும் நிலைக்கு வர ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகவே மருத்துவர் முன்கூட்டிச் சொல்லும்போதே செய்துகொள்வது புத்திசாலித்தனம். தள்ளிப்போட்டவருக்குக் கழுத்தில் தற்காலிகக் குழாய் செருக நேரிடும். அதில் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம். ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்தம் எடுக்கவோ, ஊசி போடவோ, இரத்த அழுத்தம் பார்க்கவோ விடக்கூடாது. அந்தக் கையில் கனத்த பை தூக்கக் கூடாது. அதன்மேல் தலை வைத்து உறங்கவும் கூடாது. தினமும் விரல் வைத்துப் பார்த்தால் அதில் ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசியையும் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

வழக்கமான டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். முதல் முறை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தோடு மெதுவாக முடிப்பார்கள். இரத்தத்திலுள்ள கழிவை ஒரேயடியாகக் குறைத்தால் தலைவலி, வாந்தி, குழப்பம் உண்டாகலாம் என்பதே காரணம். நோயாளியின் எடை பார்ப்பார்கள். இரண்டு ஊசிகள் குத்துவார்கள். ஒன்றின் வழியே இரத்தம் வெளியே சென்று, வடிகட்டியில் தூய்மையாகி, மற்றொன்றின் வழியே உடலுக்குத் திரும்பும். எந்த நேரத்திலும் வெளியே இருக்கும் இரத்தம் சிறிதளவே. ஒரு முறைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது. கோவையார் பெருமைப்படும் சிறுவாணித் தண்ணீரேயானாலும் பலமுறை சுத்திகரித்த பிறகே கருவிக்குள் விடப்படும். இடையில் தலைசுற்றலோ கால் குரக்குவலியோ வந்தால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

உளூவும் குளிப்பும்

நம் பகுதியில் ஹனஃபி மத்ஹபினரும் ஷாஃபிஈ மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். இருவருக்கும் சட்டம் இதில் வேறுபடுகிறது.

ஹனஃபி மத்ஹபில், உடலிலிருந்து வெளிப்பட்டு ஓடும் இரத்தம் உளூவை முறிக்கும். ஆகவே டயாலிசிஸ் முடிந்தபின் புதிதாக உளூச் செய்தே தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், கையிலிருந்து இரத்தம் வெளிப்படுவதால் உளூ முறியாது. ஆனால் அந்நிய ஆண், பெண் இருவரின் தோல் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் முறியும். செவிலியர் கையுறை அணிந்து தொட்டால் முறியாது.

ஊசி எடுத்த இடத்தில் கட்டுப் போட்டிருக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுக்கப்படுவதால் அதை அவசரப்பட்டு அவிழ்ப்பது ஆபத்து. மற்ற உறுப்புகளைக் கழுவி, கட்டின்மீது ஈரக்கையால் தடவிக்கொள்ள வேண்டும். ஷாஃபிஈகள் அத்துடன் தயம்முமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் குழாய் உள்ளவருக்கு உளூவில் சிரமமே இல்லை. கழுத்து, உளூவில் கட்டாயம் கழுவ வேண்டிய உறுப்பன்று. கடமையான குளிப்பில் மட்டும் அந்தக் கட்டு நனையாமல் உடலைக் கழுவி, மேற்சொன்ன முறையைக் கையாள வேண்டும். குழாயை நனைத்துக் கிருமியை வரவழைப்பது பேணுதல் ஆகாது.

தொழுகை நேரங்கள்

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் வருந்தியபோது, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக புகாரியில் காண்கிறோம். தொழுகை மன்னிக்கப்படவில்லை, அதன் வடிவம் இலேசாக்கப்பட்டது.

டயாலிசிஸ் பிரிவில் இடம் கிடைக்கும்போதே நேரத்தைக் கவனித்துக் கேட்டு வாங்குங்கள். காலை ஆறு முதல் பத்து வரை என்றால், சுபுஹைத் தொழுதுவிட்டுச் செல்லலாம். எந்த வக்தும் தவறாது. பதினொன்று முதல் மூன்று வரை என்றால் லுஹரை முடித்தபின் தொழலாம். ஆனால் ஷாஃபிஈகளுக்கு அஸர் நேரம் மூன்றரை மணியையொட்டித் தொடங்கிவிடுவதால் விரைந்து தொழ வேண்டும். ஹனஃபிகளுக்கு நேரம் தாராளமாக உண்டு.

மாலை நான்கு முதல் எட்டு வரை உள்ள நேரமே சிக்கலானது. கோவையில் சூரியன் மறைவது ஆண்டு முழுதும் ஆறு மணியையொட்டி, அல்லது ஏழுக்குச் சற்று முன். மஃரிப் வக்து முழுவதும் சிகிச்சைக்குள் அகப்பட்டுவிடும். வேறு நேரம் கிடைக்காவிடில், இயன்ற தூய்மையுடன் படுக்கையிலேயே சைகையால் தொழ வேண்டும். இரத்தம் ஓடும் குழாய் உடலோடு இணைந்திருப்பதாலும், கிப்லாவின் பக்கம் திரும்ப இயலாதிருக்கலாம் என்பதாலும், வீடு வந்தபின் அதைத் திருப்பித் தொழுதுவிடுவது இரு மத்ஹபினருக்கும் பேணுதலாகும். அவரவர் நிலைக்கேற்ற தீர்ப்பை மஹல்லா ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்க.

நோன்பும் உணவும்

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு நோன்பில் சலுகை அளிக்கின்றன. டயாலிசிஸின்போது இரத்தத்தோடு உப்புகளும் சர்க்கரைச் சத்தும் கலப்பதால் நோன்பு முறிந்துவிடும் என்று உலமாக்கள் பலரும், முறியாது என்று சிலரும் கூறுகின்றனர். எவ்வாறாயினும், நோன்பு தீங்கு தரும் என்று மருத்துவர் சொன்னால் சலுகையை ஏற்பதே வணக்கம். குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் களாச் செய்வார். அந்த நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா கொடுப்பார்: ஷாஃபிஈகளுக்கு ஒரு முத் தானியம்; ஹனஃபிகளுக்கு அரை ஸாஉ கோதுமை (ஏறத்தாழ 1.6 கிலோ) அல்லது அதன் கிரயம். பின்னர் மாற்றுச் சிறுநீரகத்தால் உடல் தேறினால், ஹனஃபிகள் விடுபட்டவற்றைக் களாச் செய்ய வேண்டும்.

ரமளானில் அன்போடு நாம் நீட்டும் பேரீச்சம்பழமும் இளநீரும் வாழைப்பழமும் இந்நோயாளிக்குத் தீங்காகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் மிகுந்தால் இதயம் திடீரென நின்றுவிடக்கூடும். உப்பையும் தண்ணீரையும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்க. காய்கறிகளை நறுக்கி, நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைப்பது நலம்.

செலவும் மஹல்லாவின் கடமையும்

தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். இத்திட்டத்திற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இச்சிகிச்சை உண்டு. வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளை, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாட்டைச் செய்தது.

சிகிச்சை இலவசமானாலும் வாரம் மூன்று நாள் பேருந்துச் செலவும், இழந்த கூலியும், ஊசி மருந்தும் குடும்பத்தை அழுத்தும். ஏழை நோயாளிக்கு ஜகாத் கொடுக்கலாம். அதை அவர் கையில் அவருக்கே உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு மிஷின் வாங்கித் தர விரும்புவோர் ஸதக்காவிலிருந்து தருக.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: விலைக்குச் சிறுநீரகம் தேடாதீர்கள். கடன் தொல்லையால் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற கொடுமை 2025இல் பள்ளிபாளையத்தில் வெளிப்பட்டது. 1994ஆம் ஆண்டின் சட்டம் இவ்வியாபாரத்தைத் தடுக்கிறது. 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், நிபந்தனைகளோடு உறுப்புத் தானத்தை அனுமதித்து, விற்பனையைத் தடுத்தது. உறவினர் மனமுவந்து தருவது வேறு. வறியவரின் வயிற்றெரிச்சலை விலைக்கு வாங்குவது வேறு.

சகோதர சகோதரிகளே! நோயாளி முதன்முறை அந்தப் படுக்கையில் சாயும்போது, வீட்டார் ஒருவர் அருகிலிருங்கள். அந்த நான்கு மணி நேரம் திக்ருக்கும் ஸலவாத்துக்கும் கிடைத்த ஓய்வாக அமையட்டும். அமானிதத்தைப் பேணி வைத்தியம் செய்வோருக்கு வல்ல அல்லாஹ் பொறுமையையும் நற்கூலியையும் ஷிஃபாவையும் அருள்வானாக! ஆமீன்.