பட்டறை பதில்கள்: நாலரை மாதம் தூங்கிய இன்ஜின்

மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது டெல்டாவின் பழைய கணக்கு. இடையில் கொட்டகையில் கிடந்த பம்புசெட்டும் களைவெட்டியும் தண்ணீர்ச் செய்தி வந்ததும் ஒரே வாரத்தில் பட்டறை ஏறும். பாலக்கரை மேஸ்திரிக்கு அந்த வாரம் சாப்பிட நேரம் இருக்காது. அதற்கு முன்பே பதில் சொல்லிவிடலாம் என்று இந்த மாதக் கடிதங்களைப் பிரித்தார்.

கே: பள்ளி மைதானத்துப் புல்வெட்டும் மெஷினை மார்ச்சில் நிறுத்தினோம். இப்போது கயிறு இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். புது பிளக்கும் போட்டாயிற்று.
— உடற்கல்வி ஆசிரியர், ஸ்ரீரங்கம்

பிளக் என்ன பாவம் செய்தது? டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தீர்களா? புளித்த வார்னிஷ் வாடை அடித்தால் வழக்கு முடிந்தது.

மெஷினோடு வரும் புத்தகத்தில் 'குளிர்கால ஓய்வு' என்று ஒரு பகுதி இருக்கும். திருச்சிக்கு ஏது குளிர்காலம் என்று எல்லோரும் புரட்டிவிடுகிறார்கள். பனி விழும் ஊரில் புல் பனியில் தூங்கும், இங்கே அக்னி நட்சத்திரத்தில் தூங்கும். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் நம் தகரக் கொட்டகைச் சூட்டில் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கெடும். சட்டென்று பற்றிக்கொள்ளும் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போகும். மிச்சம் பிசினாகி, கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித்துளையை அடைக்கும்.

போதாக்குறைக்கு, இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். குழாய் எங்கிருந்து உறிஞ்சுகிறது? அதே அடியிலிருந்து! தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு ஓடு ஓடு என்றால் எந்த இன்ஜின் ஓடும்?

டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடியுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு ஆயுளுக்கும் கறுப்புப் புகைதான். அடுத்த முறை ஓய்வுக்கு விடும்போது பெட்ரோல் டேப்பை மூடி, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். டேங்கில் மிச்சம் இருப்பதை வடித்து பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம். காலணா செலவில்லாத இந்த வேலையைச் செய்யாததால்தான் ஜூனில் பாதிப் பட்டறைகளுக்குச் சோறு கிடைக்கிறது.

கே: பழைய பெட்ரோலோடு புதுசைக் கலந்து ஓட்டலாமா?
— லால்குடி வாசகர்

திரிந்த பாலில் புதுப்பால் ஊற்றிக் காப்பி போடுவீர்களா?

கே: டீசல் பம்புசெட் ஹேண்டில் போட்டால் சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. காற்று போகும் வழியில் கொஞ்சம் பெட்ரோல் விடச் சொல்கிறார்கள்.
— முசிறி விவசாயி

சொன்னவர் பக்கத்தில் நிற்கச் சம்மதிப்பாரா, கேளுங்கள். டீசல் இன்ஜினில் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்கும். பிஸ்டன் தப்பினாலும் மணிக்கட்டு தப்பாது.

ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். ஏர்லாக் எடுங்கள். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்துச் சுற்றும்போது நாசிலில் 'கிர்' சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் டீசல் வரவில்லை, மற்றதெல்லாம் வீண். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எதிர்த்து உதைத்தால் கை நழுவும், விரல் முறியாது.

இத்தனைக்கும் பிறகு அசையாவிட்டால் சைலன்சருக்குள் ஒரு குச்சி விட்டுப் பாருங்கள். மாசியில் குடிவந்த குளவி உள்ளே மண்வீடு கட்டியிருக்கும். சிரிக்கவேண்டாம், பட்டறையில் வருடம் தவறாமல் இப்படி ஒன்றாவது வருகிறது.

கே: களைவெட்டிக்கு 2டி ஆயில் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் நல்லதுதானே?
— வாசகர், மண்ணச்சநல்லூர்

அபிஷேகமா செய்கிறீர்கள்? 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40. உங்கள் மெஷின் கேட்பது எதுவோ, அது. கண்ணளவு வேண்டாம்.

கே: அப்பா வைத்திருந்த பெட்ரோல்-மண்ணெண்ணெய் இன்ஜின் ஐந்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. சுற்றவே இல்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.
— வாசகி, திருவெறும்பூர்

அவசரப்படாதீர்கள் அம்மா. பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கலாம், அதற்காக இன்ஜின் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைவழியே டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து அரை டம்ளர் விடுங்கள். மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். நாலாம் நாள் ஃப்ளைவீலை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்பது வேறு தலைவலி, அதை அப்புறம் பார்க்கலாம்.

அசைந்தால் பட்டறைக்கு அனுப்புங்கள். அசையாவிட்டாலும் அனுப்புங்கள். வீட்டுக்காரர் கையிலிருக்கும் சுத்தியலை மட்டும் முதலில் வாங்கி வைத்துவிடுங்கள்.