வருமுன் காக்கும் இல்லம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல் மாணவி)

முன்னுரை

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. அணை கட்டுவது அரசின் பணி என்று நாம் அதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு வீடும் தனக்கென்று போட்டுக்கொள்ள வேண்டிய அணை ஒன்று உண்டு. இடர் நேரும் வேளையில் வீட்டில் இருப்பவருக்கு, செய்ய வேண்டியது என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் அது. இதைப் பற்றி, ஊத்தங்கரை கண்ட பெருமழையை முன்வைத்துச் சில கருத்துகளைக் கூற விழைகிறேன்.

ஊத்தங்கரை கண்ட மழை

நம் பகுதி வானம் பார்த்த பூமி. மழை வரவில்லையே என்று ஏங்கியே பழகிய நாம், புயலும் வெள்ளமும் கடலோரத்தாரின் கவலை என்றே எண்ணியிருந்தோம். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வலுவிழந்த பின்னும் அது மெல்ல நகர்ந்து உள்நாட்டுக்குள் புகுந்தது. டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் இது பாதிக்கும் மேல். சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றது.

இதன் அளவைச் சிறு கணக்கால் உணரலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 500 மில்லிமீட்டர் எனில் 500 லிட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வோர் ஏக்கர் நிலத்திலும் அன்று 20 லட்சம் லிட்டர் நீர் விழுந்தது. இத்தனை நீரையும் எந்த ஓடையும் எந்த ஏரியும் தாங்கும்?

இது முன்பு நேராததும் அன்று. நமக்கு அண்மையிலுள்ள வாணியம்பாடியில் 1903 நவம்பரில் பாலாறு பெருகி ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். மேற்பகுதியில் ஏரிகள் உடைந்ததே அதற்குக் காரணம். ஆதலால் உள்நாட்டில் வாழ்கிறோம் என்பதே பாதுகாப்பு ஆகாது.

வீட்டில் இருப்பவர் யார்?

2024 டிசம்பர் 1 ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளாக இல்லாதிருந்தால், நம் ஊர் ஆண்களுள் பலர் அன்று ஓசூரிலோ பெங்களூரிலோ இருந்திருப்பர். என் தந்தையார் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முறைப்பணி செய்கிறார். வாரம் ஒருமுறையே வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் அம்மா, பாட்டி, எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி, நான். மெயின் சுவிட்ச் எது, பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது, இரவில் வண்டிக்கு யாரை அழைப்பது என்று கேட்டால், 'அவருக்குத்தான் தெரியும்' என்ற விடையே எங்கள் தெருவின் பல வீடுகளில் கிடைத்தது. ஆபத்து அவர் வரும் நாள் பார்த்து வருவதில்லை. வீட்டில் இருப்பவர் யாரோ, அவருக்கே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இக்கட்டுரையின் மையக் கருத்தும் அதுவே.

மின்சாரமும் எரிவாயுவும்

உலர்ந்த தோல் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுக்கும். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கும் இறங்கிவிடலாம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர். உயிரைப் பறிக்க 0.1 ஆம்பியரே போதும். எனவே வாசற்படியை நீர் எட்டுமுன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நீர் புகுந்த பின், அதில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடலாகாது. அறுந்து கிடக்கும் கம்பியை, மின்சாரம் இல்லை என்று நம்பி நெருங்கலாகாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்ததும் ரெகுலேட்டரை மூடிக் கதவு, சன்னல்களைத் திறக்க வேண்டும். விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. சுவிட்சில் தோன்றும் சிறு பொறியே தீப்பற்றப் போதும். பின் எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பாம்பும் குடிநீரும்

வெள்ளத்தில் வளை நிரம்பியதும் பாம்பு மேட்டைத் தேடி வரும். நம் வீடும் அதற்கு ஒரு மேடுதான். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேடு. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே மருத்துவம். மந்திரிப்பவரிடம் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு எதிரானது.

வெள்ளத்துக்குப் பின் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்கு. ஆகவே கரண்டி மட்டமாக இருக்கட்டும்.

சான்றிதழ்ப் பெட்டி

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டின் தகரப் பெட்டியில் நகை ஏதும் இல்லை. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், பட்டா, குடும்ப அட்டை இவையே உள்ளன. இவை நனைந்து கூழாகிவிட்டால், ஒவ்வொன்றுக்காகவும் அம்மா கூலியை விட்டுவிட்டு அலுவலகங்களுக்கு அலைய நேரும். ஆதலால் அனைத்தையும் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பரணில் வைத்துவிட்டோம். கிடைத்த மதிப்பெண் பட்டியல்களை டிஜிலாக்கரிலும் சேர்த்தேன். பெட்டி எங்கே என்பது இப்போது நால்வருக்கும் தெரியும்.

சுவரில் எழுதிய எண்கள்

கைப்பேசி அணைந்தால் அதிலுள்ள எண்களும் போயின. ஆகவே சமையலறைக் கதவருகே சுவரில் பெயிண்டால் எழுதினோம்: மருத்துவ ஊர்திக்கு 108, தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, அவற்றின் கீழே அப்பாவின் எண்ணும் பக்கத்து வீட்டாரின் எண்ணும். "எழுத்து தெரியாதவளுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் பாட்டி. எழுத்து தெரியாவிட்டாலும் பேருந்து எண்ணையும் ரூபாய் நோட்டையும் அவர் பிசகாமல் அறிவார். "கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவீர்களே பாட்டி, அதே எண்தான்" என்றேன். இன்றுவரை அவர் மறக்கவில்லை.

மாதம் ஒருநாள் மாலை விளக்குகளை அணைத்துவிட்டு ஒத்திகை பார்க்கிறோம். தம்பி டார்ச்சை எடுத்து மெயின் சுவிட்சை அணைப்பான். அம்மா ரெகுலேட்டரை மூடுவார். நான் பெட்டியை இறக்குவேன். பாட்டி தம் மாத்திரைப் பையோடு வாசலுக்கு வருவார். முதன்முறை ஏழு நிமிடம் ஆயிற்று. இப்போது மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது.

முடிவுரை

இவற்றிற்கு ஆகும் செலவு ஒரு டார்ச்சும் சில உறைகளும் சிறு டப்பா பெயிண்டுமே. வகுப்பறையில் ஓமின் விதியைப் படிக்கும் நாம், அதைத் தாய்க்கும் பாட்டிக்கும் புரியும் சொற்களில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மாணவ நண்பர்களே! இவ்வார இறுதியில் வீட்டுக்குச் சென்றதும், "மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?" என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். விடை தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் அவரிடமிருந்தே தொடங்குங்கள்.