‘சொந்த ஊர் எது?’ – பண்பாடுகளுக்கிடையே வளரும் பிள்ளைகள்

முன்னுரை

ஒருவரை முதன்முறையாகக் காணும்போது தமிழர் கேட்கும் வினா, ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பதாகும். பல வேளைகளில் பெயரைக்கூட அதன்பின்னரே கேட்கிறோம். மதுரை, உறையூர் முதலிய ஊர்ப்பெயர்களைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கப்பெற்ற சங்கப் புலவர் பலர். இத்துணை இயல்பான வினாவிற்கு விடை கூற இயலாமல் திகைக்கும் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். தந்தையின் பணி நிமித்தம் ஒரு நாட்டில் பிறந்து, மற்றொரு நாட்டில் பயின்று, கல்லூரிப் பருவத்தில் பெற்றோரின் ஊருக்குத் ‘திரும்பி’ வந்தவர்கள் இவர்கள். தாம் வாழ்ந்தேயிராத ஊருக்கு ஒருவர் திரும்பி வருவது எங்ஙனம்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராயத் தூண்டியது ஒரு விடைத்தாள். முதலாமாண்டு மாணவர்க்கு ‘எம் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை வரையப் பணித்திருந்தோம். வளைகுடா நாட்டிலிருந்து வந்து சேர்ந்திருந்த மாணவர் ஒருவர், ஆறு, குளம், கடைத்தெரு என எதனையும் எழுதவில்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியையும், கீழ்த்தளத்தில் இருந்த ‘பக்காலா’ என்னும் மளிகைக் கடையையும், விடுமுறைதோறும் எடை பார்த்துக் கட்டப்படும் பெட்டிகளையும் பற்றி எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகளும் மிகுதி. ‘தலைப்பிற்குப் பொருந்தவில்லை’ எனச் சிவப்பு மையால் குறித்துத் திருப்பித் தந்தோம். அவர் ஒன்றும் கூறவில்லை; அதன்பின் தமிழ் வகுப்பில் வாய் திறக்கவும் இல்லை. பிழை அவருடையதா, நம்முடையதா என்னும் ஐயம் நெடுநாள் நம்மை விடவில்லை.

மூன்றாம் பண்பாடு

இத்தகைய பிள்ளைகளை முதலில் கருத்தூன்றி நோக்கியவருள் ஒருவர், அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ரூத் ஹில் யூசீம் அம்மையார் ஆவார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், 1950களில் கணவர் ஜான் யூசீமுடன் இந்தியாவிற்கு வந்து, இங்குப் பணிபுரிந்த அமெரிக்கர்களின் வாழ்க்கை முறையை ஆராய்ந்தார். தூதரக அலுவலர், சமயப் பணியாளர், வணிகர் முதலியோரின் பிள்ளைகளைக் கண்டு, ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்னும் பெயரை அவர் வழங்கினார். அத்தகைய பிள்ளைகள் தமிழகத்திற்கும் புதியவர் அல்லர். அமெரிக்கச் சமயப் பணியாளர்தம் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் 1901-இல் ஒரு பள்ளியே நிறுவப்பெற்றது.

பெற்றோரின் பண்பாடு முதலாவது. வாழும் நாட்டின் பண்பாடு இரண்டாவது. இவ்விரண்டிற்கும் இடையே வாழ்வோர் தமக்குள் உருவாக்கிக்கொள்ளும் வாழ்க்கை முறை மூன்றாவது. இது பாதியும் பாதியும் சேர்ந்த கலவை அன்று. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெண்மை, இரண்டும் பாக்கோடு வாயில் சேரும்போது பிறப்பதோ சிவப்பு. அரபு எழுத்தில் தமிழை எழுதிய ‘அரபுத்தமிழ்’ நம் கடற்கரையூர்களில் வழங்கியதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அதனைக் குறைப்பட்ட அரபு என்றோ, கெட்ட தமிழ் என்றோ எவரும் கூறார். இரு கரைகளுக்கிடையே வாழ்ந்தோர் ஆக்கிக்கொண்ட தனிச்செல்வம் அது. இப்பிள்ளைகளையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும்.

விசாரிக்கப்படாத துக்கம்

டேவிட் பொல்லாக், ரூத் வான் ரீக்கன் ஆகிய இருவரும் இப்பிள்ளைகளைப் பற்றி எழுதிய நூல் 1999-இல் வெளிவந்தது. பல பண்பாடுகளோடு உறவு கொண்டும், எதனையும் முற்றிலும் தமதெனக் கொள்ள இயலாமல் இவர்கள் வளர்வதை அந்நூல் விளக்குகிறது. இவர்களுடைய தீராத துயரத்தையும் அது எடுத்துக்காட்டுகிறது.

அத்துயரத்தின் இயல்பு யாது? ஓர் இரவில் வானூர்தி ஏறும் பிள்ளை, பள்ளி, தோழர், விளையாடிய இடம், தெருவின் ஓசை, காதில் விழுந்துகொண்டிருந்த மொழி ஆகிய அனைத்தையும் ஒருசேர இழக்கிறது. எவரும் இறக்கவில்லை, ஆகவே துக்கம் விசாரிக்க எவரும் வருவதில்லை. பெற்றோரோ தம் ஊர் சேர்ந்த மகிழ்ச்சியில் இருக்கின்றனர். அவர்களுக்கு வருகையாக இருப்பது பிள்ளைக்குப் பிரிவாக இருக்கிறது. ‘சொந்த ஊருக்கு வந்துவிட்டோமே, இன்னும் என்ன அழுகை?’ என்னும் அதட்டல், பிள்ளைக்கு அழும் உரிமையையும் மறுத்துவிடுகிறது.

விடைபெறவும் பொழுதின்றிப் பிரிந்தோர் உண்டு. 1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக்கியப் படை குவைத்திற்குள் நுழைந்தது. அதனையடுத்து ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர், பெரும்பாலும் ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக, தாயகம் கொண்டுவரப்பட்டனர். உயிர் தப்பியதே பெரும்பேறு என்னும் நிலையில், ஒரு பிள்ளை விட்டுவந்த புத்தகப் பையை நினைப்பவர் யார்? 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போதும் பல குடும்பங்கள் இவ்வாறே நாடு திரும்பின.

வளைகுடாப் பிள்ளைகள்

1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியது. தமிழகத்தின் கடற்கரையூர்களிலிருந்து எண்ணற்றோர் அங்குச் சென்றனர். குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ளும் வாய்ப்பு, போதிய ஊதியம் பெறுவோர்க்கே அமைந்தது. ஆகவே தந்தையைக் காணாமல் ஊரில் வளர்ந்த பிள்ளைகளும், ஊரைக் காணாமல் தந்தையோடு வளர்ந்த பிள்ளைகளும் ஒரே தெருவின் வீடுகளில் தோன்றினர்.

குடியேறி நிலைத்தோரின் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு உண்டு. அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தை பொதுவாக அந்நாட்டுக் குடியுரிமை பெறும். வளைகுடாவில் பிறக்கும் அயலவர் குழந்தைக்குப் பிறப்பினால் மட்டும் அவ்வுரிமை கிடைப்பதில்லை. தந்தையின் பணி முடிந்தால், குடும்பத்தின் வதிவுரிமையும் பொதுவாக அதனோடு முடிகிறது. இருபதாண்டு வாழ்ந்தும் அவர்கள் அங்கு விருந்தினரே. அபுதாபியில் வளர்ந்த தீபக் உன்னிகிருஷ்ணன் 2017-இல் வெளியிட்ட ஆங்கிலப் புனைகதை நூலுக்குத் ‘தற்காலிக மனிதர்கள்’ என்னும் பொருளில் பெயரிட்டமை கருதத்தக்கது.

இவர்களிடம் காணும் பேறுகளையும் மறத்தல் ஆகாது. பலமொழி கேட்டுப் பழகிய செவியும், ஒரு வழக்கம் மற்றோரிடத்தில் வேறாக இருக்கும் என்னும் தெளிவும் இவர்களுக்கு இளமையிலேயே வாய்க்கின்றன. ஜப்பானியர் இத்தகைய பிள்ளைகளைக் ‘கிக்கோகுஷிஜோ’, அதாவது நாடு திரும்பிய பிள்ளைகள், என்பர். ஒருகாலத்தில் திருத்தப்பட வேண்டியோராகக் கருதப்பட்ட இவர்களுக்குப் பின்னர் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல தனி நுழைவுமுறையே வகுத்தன.

நான்கு கட்டைத் தெப்பம்

இடம்பெயர்வோர் செய்யத்தக்கன நான்கு எனப் பொல்லாக் கூறினார். அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘தெப்பம்’ எனப் பொருள்படும் சொல்லாகும். மனத்தாங்கல் கொண்டவரோடு இணங்குதல் ஒன்று. அன்பு செய்தோர்க்கு நன்றி கூறல் இரண்டு. மனிதரிடமும் இடத்திடமும் முறையாக விடைபெறல் மூன்று. செல்லுமிடத்தைப் பற்றி முன்னரே எண்ணுதல் நான்கு. பெட்டி கட்டும் பெற்றோர், பிள்ளையைப் பள்ளி வாயிலுக்கும் மளிகைக் கடைக்கும் ஒருமுறை அழைத்துச் சென்று விடைபெறச் செய்தல் இயலாத செயல் அன்று.

ஐந்தாவது கட்டையாக நாம் மொழியைச் சேர்ப்போம். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் பயின்றோர் பலர், வீட்டில் தமிழ் பேசியும், எழுதப் படிக்க அறியாது வருகின்றனர். பாட்டி பேசும் தமிழ் புரிகிறது. பாட்டி எழுதிய கடிதம் புரிவதில்லை. ஊர் மாறலாம், வீடு மாறலாம். உடன் எடுத்துச் செல்லத்தக்க வீடு மொழியே. வெளிநாட்டில் வாழும் பெற்றோர் நாள்தோறும் கால்மணி நேரமேனும் தமிழ் எழுத்தைப் பயிற்றுதல் நன்று. ஆசிரியராகிய நாமும், பிழையைத் திருத்துமுன் எழுதியவரின் நெஞ்சைப் படித்தல் வேண்டும்.

முடிவுரை

உலகத்து ஊர்களையெல்லாம் தம் ஊராகக் கண்ட கணியன் பூங்குன்றனாரின் பெயரிலேயே பூங்குன்றம் என்னும் ஊர் இருக்கிறது. இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே அது என்பர். தமக்கென ஓர் ஊர் உடையவர்க்கே எல்லா ஊரையும் தமதாக்கும் நெஞ்சம் எளிதில் வாய்க்கும் போலும். அவ்வூர் வரைபடத்தில் உள்ளதாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. கேட்கும் செவியும் ஏற்கும் மனிதரும் உள்ள இடம் எதுவும் ஊராகும்.

அவ்விடைத்தாளை நினைந்து பார்க்கையில், அம்மாணவர் தலைப்பிற்குப் பொருந்தவே எழுதியிருந்தார் என்பது இன்று தெளிவாகிறது. மின்தூக்கியும், மளிகைக் கடையும், கட்டிய பெட்டிகளுமே அவருடைய ஊர். அதனை அவர் நமக்குக் காட்ட முன்வந்தார். நாம் காண மறுத்தோம். அவர் படிப்பு முடித்துச் சென்றுவிட்டார். அச்சிவப்பு மையை இனி அழிக்க இயலாது. எனினும் முதலாமாண்டு மாணவர்க்கு நாம் இப்போது தரும் தலைப்பு ‘எம் ஊர்’ அன்று. ‘நாம் வளர்ந்த இடங்கள்’ என்பதாகும்.